வள்ளவிளைக்கு நேர் மேற்கே: லட்சத்தீவுக்கு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்து வள்ளவிளைக் கரையில் நின்று மூக்குக்கு நேராக மேற்கே ஒரு கோடு இழுத்தால், ஏறக்குறைய 450 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர். அதைத் தாண்டி அந்தக் கோடு போய் முட்டுகிற முதல் மண் லட்சத்தீவின் மினிக்காய். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. லட்சத்தீவுக்குப் போகப் பெர்மிட் எடுக்கிறேன் என்று தூத்தூர்ப் பக்கத்து மாமா ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "மினிக்காய்க்கா? அதுக்கு என்ன பெர்மிட்டு மக்களே, நாங்க ராத்திரி அந்த லைட்ட பாத்துத்தான படகு ஓட்டுவோம்."

ஆழ்கடல் தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தீவுகள் வெளிச்சமாகவும் ஆழக் கணக்காகவும் பழக்கம். ஒக்கிப் புயலில் சிக்கிய நம் படகுகள் பலவும் 2017 டிசம்பர் முதல் வாரத்தில் கரைபிடித்தது அங்கேதான். தீவுக்காரர்கள் அடைக்கலம் கொடுத்துச் சோறும் போட்டார்கள். கரையில் இருக்கிற நமக்கு மட்டும் அது தூரம். ரயிலேறி வடக்கே கொச்சி போய், அங்கிருந்து மறுபடி தென்மேற்கே கப்பலேற வேண்டும். அதற்கும் முன்னால் காகிதம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே நாளில்தான் அந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தை விட்டுத் தனி யூனியன் பிரதேசம் ஆயின. நாம் உள்ளே நுழைந்த அன்று அவர்கள் வெளியே போயிருக்கிறார்கள். லட்சத்தீவு என்ற பெயர் 1973-இல் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் காலம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் நல்ல பிள்ளையாக இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஆரம்பித்துவிட்டால் மறந்துவிடுங்கள். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை இருக்கிறதல்லவா, அந்த ஆனி ஆடிக் கடலில் விசைப்படகுகளே கரையில் கிடக்கும்போது நாம் சுற்றுலாக் கப்பலில் போய்ப் பார்க்க எதுவும் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரும் அப்படித்தான்.

பள்ளி விடுமுறைக்காக மே மாதத்தைப் பிடிக்கிறவர்கள் முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். வெயில் சுடும், கடலும் எப்போது மனம் மாறும் என்று சொல்ல முடியாது. 'கள்ளக்கடல்' நமக்குப் புதிதல்ல. காற்றும் மழையும் இல்லாத நாளில் எங்கோ தெற்கே கிளம்பிய பேரலை சத்தமில்லாமல் வந்து ஏறுவது அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வானிலைத் துறையும் கடல் தகவல் மையமான இன்காய்ஸும் வெளியிடுகிற கடல் எச்சரிக்கைகளைப் பார்க்கிற பழக்கம் இருக்கட்டும்.

எந்தத் தீவு?

மொத்தம் 36 தீவுகள் என்பது பழைய கணக்கு. மனிதர்கள் குடியிருப்பது பத்தில்: கவரத்தி, அகத்தி, அமினி, ஆந்த்ரோத், கட்மத், கல்பேனி, கில்தான், செத்லத், பித்ரா, மினிக்காய். எல்லாவற்றின் நிலத்தையும் சேர்த்தால் 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. நாகர்கோவிலின் சில வார்டுகளைச் சேர்த்தாலே அந்தக் கூட்டம் வந்துவிடும். அந்த அளவில் யோசித்தால்தான் ஏன் எல்லோரையும் உள்ளே விடுவதில்லை என்பது புரியும்.

சுற்றுலாவுக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் அகத்தி, பங்காரம், தின்னகரை, கட்மத், கவரத்தி, கல்பேனி, மினிக்காய். இதில் பங்காரமும் தின்னகரையும் ஊர் இல்லாத தீவுகள், சுற்றுலாவுக்கென்றே உள்ளவை. விமானத்தில் போகிறவர்கள் அகத்தியில் இறங்கிப் படகில் அங்கே போவார்கள். டைவிங்தான் முக்கியம் என்றால் கட்மத். தலைநகரத்தையும் ஊரையும் மனிதர்களையும் பார்க்க வேண்டும் என்றால் கவரத்தி.

என்னைக் கேட்டால் குமரிக்காரர்கள் மினிக்காயை விடக்கூடாது. மற்றத் தீவுகளில் பேசுவது ஜெசரி, மலையாளத்தின் கிளை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். மினிக்காயில் பேசுவதோ மஹல், மாலத்தீவு மொழி. ஊர்களுக்குத் தலைவர் உண்டு, அவருக்கு மூப்பன் என்று பெயர். மினிக்காயின் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1885-இல் எழுந்தது, நம் முட்டம் விளக்குக்குப் பத்து வயது இளையது. மாமா பார்த்துப் படகு ஓட்டிய லைட் அதுதான்.

முதல் முறை போகிறவர்களுக்குக் கப்பல் பேக்கேஜ் வசதி. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்துகிற 'சமுத்திரம்' பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் வரும். ஐந்து நாள். பகலில் தீவு, இரவில் கப்பல். அறை தேடும் தலைவலி இல்லை. ஒரே தீவில் இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்க விரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் தங்கும் பேக்கேஜைப் பார்க்க வேண்டும்.

காகித வேலை

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன்.

இந்தியராக இருந்தாலும், தீவுக்காரர் அல்லாத யாரும் நுழைவு அனுமதி இல்லாமல் போக முடியாது. 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கிற ஏற்பாடு இது. பூர்வகுடிகளின் நிலத்தையும் வாழ்வையும் காப்பதற்காக வந்தது. பெர்மிட்டில் எந்தத் தீவு, எந்தத் தேதி என்று இருக்கும். கவரத்திக்கு வாங்கிய பெர்மிட்டைக் காட்டி அப்படியே ஆந்த்ரோத் போய்விடலாம் என்பது நடக்காது. குழந்தைக்கும் தனியாகப் பெயர் இருக்க வேண்டும்.

வழி இரண்டு. ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் எடுத்தால் அவர்கள் வழியாகவே பெர்மிட் வேலை நடக்கும். இல்லையென்றால், பதிவுபெற்ற டூர் நிறுவனமோ தீவில் தங்க வைக்கிறவரோ உங்கள் சார்பில் முன்னெடுக்க, நிர்வாகத்தின் இணைய பெர்மிட் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எப்படியானாலும் ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், போலீஸ் சரிபார்ப்புச் சான்று மூன்றையும் முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். அப்புறம் உங்கள் எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷனிலிருந்து போன் வரும். பண்டிகை, தேர்தல் நேரமாக இருந்தால் அவர்களுக்கு உங்கள் சுற்றுலாவை விட முக்கியமான வேலை இருக்கும். அதனால் இரண்டு மாதம் முன்னதாகவே ஆரம்பியுங்கள்.

இப்போது இனிஷியல் கதை. தமிழனுக்கு மட்டும் வருகிற வியாதி இது. விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். என் மனைவியின் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. பான் கார்டில் அவள் அப்பாவின் பெயர் முழுதாக. போலீஸ் சான்றில் எழுத்து முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் விண்ணப்பத்தில் இனிஷியலே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பி, மறுபடி காத்திருந்து ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளில் நாங்கள் பார்த்து வைத்திருந்த கப்பலின் கோல்டு கிளாஸ் நிரம்பிவிட்டது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி உட்பட, அப்படியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு முறையில் இருந்தாலும் பரவாயில்லை, அவரவர் ஆதாரோடு பொருந்தினால் போதும்.

ஏஜெண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் பிரதமர் போய்ப் படம் எடுத்துக்கொண்ட பிறகு லட்சத்தீவு என்று பலகை வைத்தவர்கள் பெருகிவிட்டார்கள். என் நண்பர் ஒருவர் ஓர் ஏஜெண்டிடம் (பெயர் வேண்டாம்) நான்கு பேருக்கு முன்பணம் கட்டினார். "பெர்மிட் உறுதி சார்" என்று சொன்னார்களாம். பெர்மிட்டும் வந்தது. கப்பலில்தான் இடம் இல்லை. பெர்மிட் வேறு, டிக்கெட் வேறு, தங்குமிடம் வேறு. இந்த மூன்றும் ஒரே தேதியில் கைக்கு வந்தால்தான் பயணம். மூன்றுக்கும் தனித்தனி எண்ணைக் கேட்டு வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கொச்சி வரை

நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளம் 280 கிலோமீட்டருக்கு மேல். காலையில் கிளம்பும் பெங்களூர் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் மாலைக்குள் எர்ணாகுளம் டவுன். கன்னியாகுமரியிலிருந்து கிளம்புகிற வண்டிக்கு எதற்கு ஐலண்ட் என்று பெயர் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குக் குழப்பம். அந்த வண்டி முதலில் ஓடியது கொச்சியின் வெல்லிங்டன் தீவிலிருந்த துறைமுக ஸ்டேஷனுக்கும் பெங்களூருக்கும் இடையில். அந்தத் தீவின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. லட்சத்தீவுக் கப்பலில் ஏறுவதும் அதே வெல்லிங்டன் தீவில்தான். ஸ்போர்ட்ஸ் அலுவலகமும் அங்கேயே இந்திரா காந்தி சாலையில் இருக்கிறது.

கப்பல் நாளன்று காலையில் ரயிலில் போய் இறங்கி நேரே கப்பலேறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரட்டைப் பாதை வேலை, சிக்னல், மழை, எதுவும் நடக்கும். முந்தைய நாளே போய் எர்ணாகுளத்தில் தங்குங்கள். கப்பல் கிளம்பும் நேரமும் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு, போனைத் திறந்தே வையுங்கள். ஏறும் முன்னால் பைகளை ஸ்கேன் செய்வார்கள். மது கொண்டுபோகக் கூடாது. லட்சத்தீவில் மதுவிலக்கு, பங்காரம் மட்டும் விதிவிலக்கு. பைக்குள் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று வைத்துக்கொண்டு போய் அவமானப்படாதீர்கள். டிரோன் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போக வேண்டாம்.

கப்பலா, விமானமா?

விமானம் கொச்சியின் நெடும்பாசேரியிலிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். சின்ன விசிறி விமானம், லக்கேஜ் கணக்கு கறாராக இருக்கும், டிக்கெட்டில் போட்டிருக்கிற கிலோவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் கீழே நீலத்தில் பச்சை வளையங்கள் தெரியும், அதற்காகவே காசு கொடுக்கலாம்.

கப்பல் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் எழுநூறு பேர் போகலாம். இருக்கையிலும் பங்க்கிலும் படுத்திருப்பவர்களில் பலர் கொச்சிக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத் துணி எடுக்கவும் வந்து திரும்புகிற தீவுக்காரர்கள். அவர்களுக்கு அது நம் வடசேரி பஸ் மாதிரி. பெரிய சாக்கில் வெங்காயமும் சின்ன வெங்காயமும் போகும். நாம் டெக்கில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் தூங்கிவிடுவார்கள். அது அனுபவம். வாந்தி வரும் உடம்புக்கு அதுவே தொல்லை. டாக்டரைக் கேட்டு அவோமின் மாதிரி ஏதாவது வாங்கி, கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறும் ஆகாது, பிரியாணி வயிறும் ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு.

இறங்குவது ஒரு கலை

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது, தீவைச் சுற்றித் தண்ணீருக்கடியில் இருக்கிற பவளத் திட்டு, அதாவது பவளப் பார், வழிமறிக்கும். பாருக்கு வெளியே நிற்கும். தீவிலிருந்து சின்னப் படகு வந்து கப்பலின் வயிற்றில் திறக்கிற கதவோடு ஒட்டும். கல்பேனியில் நாங்கள் இறங்கியது இப்படித்தான்.

கதவில் நின்று பார்த்தால் படகு ஒரு நொடி உங்கள் முழங்காலுக்கு வருகிறது, அடுத்த நொடி ஓர் ஆள் உயரம் கீழே போகிறது. நடுவில் ஒரு முழம் இடைவெளியில் கரும்பச்சைத் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம். படகில் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா நகையையும் கைப்பையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும்போதெல்லாம் "இப்பவா, இப்பவா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் படகு கீழே போய்விடும்.

செய்ய வேண்டியது இது. பையை முதலில் கொடுத்துவிடுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். செருப்பு காலை விட்டுக் கழலாததாக இருக்கட்டும், சேலை என்றால் ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள், அதை விடச் சுடிதார் நல்லது. படகுக்காரர் உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்களும் அவர் முன்கையைப் பிடியுங்கள். விரலைப் பிடித்தால் வழுக்கும். படகு மேலே வந்து நிற்கிற அந்த அரை நொடியில் அவர் "வா" என்பார். அப்போது யோசிக்காமல் கால் வைக்க வேண்டும். குதிக்கக் கூடாது. முழங்கால் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உங்களோடு இருந்தால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், எந்தத் தீவில் கப்பல் கரைமேடையிலேயே (ஜெட்டி) கட்டும், எதில் படகு மாற வேண்டும் என்று.

தீவில் கால் வைத்ததும்

பெர்மிட்டைத் தீவின் காவல் நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும். பேக்கேஜில் போனால் வழிகாட்டியே பார்த்துக்கொள்வார். பெர்மிட்டுக்கும் ஆதாருக்கும் நான்கைந்து நகல் எடுத்து வைத்திருங்கள்.

ஏறக்குறைய ஊர் முழுக்க முஸ்லிம் மக்கள். வீடுகளும் பள்ளிவாசல்களும் தென்னைகளுக்கு நடுவே நெருக்கமாக இருக்கும். நீச்சல் உடையோடு ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது, பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை, படகு எல்லாம் நிற்கும், அதை எண்ணித் திட்டமிடுங்கள். கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் மரக்கூரை வேலைப்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். நம் பத்மநாபபுரம் அரண்மனைத் தச்சு வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே நேரம் போவது தெரியாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீவில் ஆறு இல்லை, குளம் என்று சொல்லும்படி இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய தட்டாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும், கிணறு கெட்டுவிடும். அதனால்தான் சென்னையிலிருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டியது. மேல்கடலின் சூட்டுக்கும் ஆழ்கடலின் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆவியாக்கிக் குளிரவைக்கிற முறை. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பின்னர் மினிக்காயிலும் அகத்தியிலும் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு பல் தேய்க்கும்போது இந்த லட்சம் லிட்டர் ஞாபகம் வரட்டும். உப்பு போக ஒரு வாளி போதும்.

ஏ.டி.எம். முக்கியத் தீவுகளில் உண்டு. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் தேறியிருக்கிறது. ஆனாலும் கையில் ரொக்கம் இருக்கட்டும், இளநீர்க்காரரிடம் நெட் இல்லை என்று போனைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை ஒரு வாரம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். நோய் முற்றினால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோகிற இடம் அது.

பாரின் மேல்

இதற்காகத்தானே இவ்வளவு அலைச்சல்.

நம் கரையில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்கிறோம். லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து கொட்டுகிறோம். அந்தத் தீவுகளுக்கு வளைவை உயிர்களே கட்டியிருக்கின்றன. கடலுக்கடியில் மூழ்கிப்போன எரிமலை மேட்டின் மேல், குண்டூசித் தலை அளவுப் பவள உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புக் கூடு கட்டிக் கட்டி எழுப்பிய சுவர் அது. வெளியே பேரலை அந்தச் சுவரில் உடைகிறது. உள்ளே லகூன் குளம் மாதிரி கிடக்கிறது. தீவு சில மீட்டர் உயரம்தான். கல்பேனியின் கிழக்குக் கரையில் பவளக் கல் குவியலாகக் கிடப்பதைக் காட்டுவார்கள், 1847-இல் அடித்த பெரும் புயல் பாரை உடைத்து வாரிப்போட்டது என்று. சுவர் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மேடுதான் சாட்சி.

மணலையும் பாருங்கள். நம் மணவாளக்குறிச்சி மணல் கறுப்பும் சிவப்புமாக, தாது கலந்து கனமாக இருக்கும். அங்கே மணல் என்பதே உடைந்த பவளமும் சிப்பியும்தான். கிளி அலகு போல வாயுள்ள மீன் ஒன்று பவளத்தைக் கடித்து அரைத்து, மணலாக வெளியே விடுகிறது. முகமூடியைப் போட்டுக்கொண்டு காதைத் தண்ணீருக்குள் வைத்தால் அது கடிக்கிற 'கறக் கறக்' சத்தம் முறுக்கு தின்கிற மாதிரி கேட்கும்.

நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்நார்க்கெலிங் செய்யலாம், லைஃப் ஜாக்கெட்டோடு. முதல் பத்து நிமிடம் இடுப்பளவுத் தண்ணீரில், மணல் தரையில் நின்று வாயால் மூச்சு விடப் பழகுங்கள். முகமூடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுங்கள், அசிங்கம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆழமான இடத்துக்குப் போன பிறகு பயம் வந்தால் மல்லாந்து படுங்கள். ஒருபோதும் எழுந்து நிற்க முயலாதீர்கள். புதியவர்கள் செய்கிற தவறே இதுதான்: மூச்சு முட்டியதும் காலைக் கீழே ஊன்றுகிறார்கள். கீழே இருப்பது கல் அல்ல, உயிர். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிறது. உங்கள் குதிகால் ஒரு நொடியில் உடைப்பது உங்கள் பாட்டி பிறந்த காலத்து வளர்ச்சியாக இருக்கலாம். காலும் சும்மா தப்பாது, கீறல் ஆறுவதற்கு நாள் பிடிக்கும்.

லகூனுக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே பாரில் திறப்பு இருக்கும், படகு போய்வருகிற வாசல். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். வற்றம், அதாவது கடல் இறக்கம், தொடங்கியதும் லகூன் தண்ணீர் முழுக்க அந்த வாசல் வழியாக வெளியே இழுக்கும். நம் ஆட்கள் நீவாடு என்பார்களே, அந்த நீரோட்டத்தின் முன்னால் எந்த நீச்சலும் எடுபடாது.

சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம். சிலவற்றில் இருக்கிற ஆக்ஸிபென்சோன் பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் க்ரீமே தேவையில்லை. ஸ்கூபா செய்கிறவர்கள் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் இருக்கட்டும்.

வெள்ளைப் பளிங்கு மாதிரி ஒரு பவளத்தைப் பார்த்து நான் ஆசையாகக் கை காட்டினேன். கூட வந்த பையன் முகமூடியைக் கழற்றி, "சேட்டா, அது அழகல்ல, அது சுகமில்லாம கிடக்குது" என்று கலப்பு மொழியில் சொன்னான். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறும் நிறமும் தருகிற நுண்பாசி, தண்ணீர் சூடாகிவிட்டால் வெளியேறிவிடுகிறது. வெறும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்து வெளுத்து, 2024-இல் கடல் வெப்ப அலையில் மறுபடி பெருமளவு வெளுத்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பதிவு செய்திருக்கிறது. கொஞ்ச நாளில் சூடு தணிந்தால் தேறும். இல்லையென்றால் பாசி படர்ந்து செத்துவிடும். நீங்கள் போகிற இடத்தில் பாதி வண்ணமும் பாதி சாம்பலுமாகத்தான் இருக்கும், படத்தில் பார்த்ததை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்கும் சோழியும் வாங்கிப் பழகிய கை நமக்கு. கரையில் ஒரு பவளத் துண்டு கிடந்தால் தானாகக் குனியும். குனியாதீர்கள். பார் கட்டும் பவளங்களும் கடல் அட்டைகளும் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான். கரை ஒதுங்கிய செத்த துண்டு என்று வாதாடினாலும் செல்லாது. குழந்தைகளின் பையைத் திரும்பும் முன் நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். என் மகளின் டிபன் பாக்ஸிலிருந்து ஏழு துண்டு எடுத்துத் திரும்பக் கரையில் போட்டேன்.

பையில் என்ன

தொப்பி, முழுக்கைச் சட்டை, உலரும் துண்டு, தண்ணீர் பாட்டில், டார்ச், காயத்துக்கு மருந்து, போனுக்கு நீர் புகாத உறை. பிளாஸ்டிக் கவர், பாக்கெட் எதைக் கொண்டுபோனாலும் காலிக் கவரோடு திரும்புங்கள், அங்கே குப்பை போட இடமில்லை. அவ்வளவுதான்.

திரும்பும்போது

திரும்பும் ரயிலைக் கப்பல் வருகிற அன்றைக்கே போட வேண்டாம். கடல் கொஞ்சம் முறைத்தால் கப்பல் ஒரு நாள் தாமதிக்கும். எங்களுக்கு அரை நாள் தாமதம், ரயில் போய்விட்டது. லீவு எழுதும்போதே இரண்டு நாள் சேர்த்து எழுதுங்கள்.

வாங்கி வருவதற்கு மினிக்காயின் மாஸ் உண்டு. சூரை மீனைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போலாகும் வரை காயவைப்பார்கள். நம் ஊரில் மாசிக் கருவாடு என்று சம்பலுக்கு இடிப்போமே, அதன் தாய்வீடு அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்று, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடையுங்கள். நாங்கள் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தோம். ஏ.சி. பெட்டியில் காயங்குளம் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரர் மெதுவாக மூக்கைத் துடைத்தார், கொல்லம் வந்ததும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மாமாவிடம் கட்டையை நீட்டியபோது அவர் மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கா பெர்மிட்டு?" என்றார்.